வாசலில் கூடாரம் போட்ட மாப்பிள்ளை

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செய்ய நினைத்த முதல் காரியம், ஜப்பானுக்குப் போய் மரங்கள் இலை உதிர்ப்பதைப் பார்ப்பது. அதற்கு முன் அவர் எந்த மரத்தையும் நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பாரோயில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மாமரம் அவருக்கு, கார் மேல் பறவை எச்சம் விழக் காரணமான ஒரு பொருள், அவ்வளவுதான். ஆனால் மெல்பர்னில் இருக்கும் அவருடைய தங்கை சிவப்பும் மஞ்சளுமாகப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். மனிதர் மயங்கிவிட்டார். டிக்கெட் போட்டோம், குளிர் சட்டை வாங்கினோம். புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு காலை அவருடைய இடது கண்ணில் கறுப்புத் திரை ஒன்று பாதி இறங்கியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். அறுவை செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள். குமிழி கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. ஜப்பான்காரர்கள் அந்த வருஷம் எங்களைப் பார்க்காமலேயே இலைகளை உதிர்த்து முடித்தார்கள்.

குமிழி கரைந்தது. ஆனால் இடது கண் பழைய கண்ணாகத் திரும்பவில்லை. நேர்கோடு வளைந்து தெரிகிறது என்றார். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, அது வலது கண் பார்ப்பதையும் குழப்புகிறது என்றார். இதையெல்லாம் மருத்துவரிடம்தான் சொன்னார். என்னிடம், வரும்போது கீரை வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் கோலா பிலாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான்தான் கார் ஓட்டினேன். மலை இறங்கித் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் அவர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். எதிரே ஒரு மேடு முழுக்க ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் நின்றன. காற்று அடித்தபோது இலைகள் கூட்டமாகக் கிளம்பிச் சாலையைக் கடந்து போயின.

“இஞ்ச பாரும்,” என்றார். “இது இலையுதிர்காலம் எல்லே?”

நான் இடைநிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். நம் நாட்டில் நான்கு பருவங்கள் கிடையாது, மழையும் வெயிலும்தான் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேறு மாதிரி எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன். ஆனால் நான் பிறந்ததே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். ஒவ்வொரு தை, மாசியிலும் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள் சிவந்து கொட்டி மொட்டையாக நிற்பதையும், பால் குறைவதையும், அம்மாவுக்கு வேலை நாள் குறைவதையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். அதற்குப் பெயர் பருவம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் அதற்குப் படம் இல்லை.

அந்தக் கல்யாணத்திலேயே அவர் முடிவு செய்துவிட்டார். ஜப்பானை விட்டுவிடலாம். நம் இலையுதிர்காலத்திலேயே மலைக்குப் போவோம், கூடாரம் போடுவோம், நடப்போம், விலங்குகளைப் பார்ப்போம். கோலா பிலா சாலையில் மலையடிவாரத்தில் ஒரு வனப்பூங்கா இருக்கிறது. ஆறு ஓடுகிறது, உச்சிவரை பாதை போகிறது. நான்கு நாள் தங்கலாம் என்றார். மலைக்காடு இலையை உதிர்க்காதே, உதிர்ப்பது ரப்பர்தானே என்று கேட்டேன். அதெல்லாம் சின்ன விஷயம் என்றார்.

அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டங்களில் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை வேலை, பார்த்த குடும்பம். என் குடும்பம் அந்தக் கிராணிகள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட, ‘இருக்கேன்’ என்று கை தூக்கிய குடும்பம். கொசுவுக்கும் அட்டைக்கும் ஒழுகும் கூரைக்கும் தப்பி ஒரு கல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவதற்கு எங்கள் ஆட்களுக்கு இரண்டு தலைமுறை ஆயிற்று. இப்போது என் கணவர் துணி வீடு ஒன்றை வாங்கிவந்து நடு ஹாலில் விரித்து, உள்ளே படுத்துக் காட்டினார். ஈரம் உள்ளே வராது என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் வீட்டு ஹாலில் ஈரம் வந்ததில்லைதான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நான் தோட்டத்துப் பெண் என்பதால் காடு எனக்குத் தெரியும் என்று அவர் உறுதியாக நம்பினார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம், இவ இருக்கிறா, பயமில்லை என்று சொல்லி வைத்திருந்தார். தோட்டம் வேறு, காடு வேறு. எனக்குத் தெரிந்தது வரிசையாக நட்ட மரமும், அதற்கு நடுவே ஓடும் மண் சாலையும்தான். வரிசையில் நிற்காத மரத்தைப் பார்த்தால் இன்றைக்கும் நான் வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் என்னிடம் இருப்பதாக நம்புகிற ஒரே திறமை என்பதால், மறுக்க மனம் வரவில்லை.

அந்த மாசியிலேயே பூங்காவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் இரண்டு பஸ்களில் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லோரும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை. ஒற்றுமையை வளர்க்க வந்தவர்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர்கள் மலை அதிரப் பதில் சொன்னார்கள். ஆற்றின் மறு கரையில் நாங்கள் கூடாரம் போட்டோம். என் கணவர் புதுத் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பறவைப் படங்கள் போட்ட கையேட்டை மடியில் வைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். இருவாச்சி வரும், அந்திப் பொழுதில்தான் வரும் என்றார். அந்தியில் கரவோக்கே தொடங்கியது. நிறுவனத்தின் மேலாளர் போலத் தெரிந்த ஒருவர் பழைய மலாய்க் காதல் பாட்டு ஒன்றை விடாமல் பாடினார். கீழே வேலை பார்க்கிறவர்கள் கைதட்டித்தானே ஆக வேண்டும், தட்டினார்கள். இருவாச்சிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

மறுநாள் காலை மலை ஏறினோம். பாதை முழுக்க வேர்கள். ஒரு கண்ணால் பார்க்கிறவருக்கு மேடு எது பள்ளம் எது என்று தெரியாது என்பதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். இல்லாத படிக்குக் காலைத் தூக்கினார். இருந்த வேரில் இடித்துக்கொண்டார். கையைப் பிடிக்கலாம் என்று போனால், அட்டை இருக்கா பாரும், அதுதான் உமக்குத் தெரியுமே என்று என்னை முன்னே அனுப்பினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையைக் கண்டால் கத்துவது. அதையும் அந்த ஊழியர் கூட்டம் எங்களைத் தாண்டி ஏறியபோது கௌரவம் கருதி அடக்கிக்கொண்டேன். அவர்களில் ஒருவர், அங்கிள், இன்னும் கொஞ்ச தூரந்தான்லா என்று மலாயில் தைரியம் சொன்னார். அந்தக் கொஞ்ச தூரத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். எங்கேயோ மேலே சியாமாங் என்னும் வாலில்லாக் கறுப்புக் குரங்குகளின் கூட்டம் ஒன்று கூவ ஆரம்பித்தது. முதலில் ஒன்று தொண்டையைச் செருமியது, பிறகு எல்லாம் சேர்ந்து குரலை ஏற்றிக்கொண்டே போயின. அப்படி ஒரு சத்தத்தை நான் பக்கத்தில் கேட்டதில்லை. என் கணவர் தொலைநோக்கியைத் தூக்கி மரங்களுக்குள் தேடினார். நெடுநேரம் தேடினார். வலது கண்ணில் வைத்தார், இடது கண்ணில் வைத்தார். எனக்கு ஒரு கிளை குலுங்கியது தெரிந்தது, கறுப்பாக ஒரு கை தெரிந்தது. அந்தா, அந்தக் கிளையில் என்று காட்டினேன். எந்தக் கிளை என்றார். அந்தப் பச்சைக்குப் பின்னால் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவர் தொலைநோக்கியை இறக்கி, கண்ணாடித் துணியால் அதைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை. “சத்தம் நல்லாய்க் கேட்டது,” என்றார். இறங்கும்போது பல இடங்களில் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தார்.

கீழே விலங்குகள் எங்களுக்காகக் காத்திருந்தன. குரங்குகள். கூடாரத்தின் ஜிப்பை மனிதர் மாதிரியே திறந்திருந்தன. இட்லியைத் தின்றுவிட்டு, நெத்திலி சம்பல் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடாமல் வைத்திருந்தன. ஒரு பெரிய ஆண் குரங்கு எங்கள் மடக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என் கணவரின் கண் மருந்துப் புட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் அது எழவில்லை. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுவாரசியம் இல்லாமல் புட்டிக்குத் திரும்பியது. விலங்கை அருகில் பார்க்க ஆசைப்பட்டவருக்கு அந்த ஆசை நிறைவேறியது. என்ன, மருந்து போய்விட்டது.

அந்த மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. கூடாரத்தைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு கோலா பிலா டவுனுக்குப் போய் மருந்துக் கடையில் வாங்கினோம். வீட்டுக்குப் போகலாம் என்றேன். பூங்காவுக்கு மறுபடி போக வேண்டாம் என்றார். பாரோய்க்கும் வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நான்கு நாள் என்று சொல்லி வந்தாயிற்று, இரண்டாம் நாளே போய் நின்றால் கேட்பார்கள். அதனால்தான், குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் பக்கத்திலேயே இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றேன். சரி என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் என் கணவர் என் வீட்டார் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கல்யாணம் முடிந்து முதல் தடவை மாப்பிள்ளை வருகிறார் என்று என் அம்மா தம்பின் டவுன் வரை போய்ப் பஞ்சு மெத்தை வாங்கி வந்து லயத்து வீட்டில் போட்டிருந்தார். மத்தியானம் வந்தார், கோழிக்கறி சாப்பிட்டார், மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார், பொழுது சாயும் முன் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் அம்மாவின் கட்டளை அது. லயத்தில் குளியலறை கிடையாது, கழிப்பறை வெளியே. கிராணி வீட்டுப் பிள்ளை எப்படித் தங்கும். அதன் பிறகு தீபாவளியானாலும் சரி, தைப்பூசமானாலும் சரி, காலையில் வந்து சாயங்காலம் போவது வழக்கமாகிவிட்டது. என் அப்பா இறந்தபோதுகூடச் சாயங்காலம் போய்க் காலையில் வந்தார். யாரும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் மரியாதை என்றால் கேட்காமல் இருப்பது. கேட்காததை மறந்துவிடுவது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அக்கா இப்போது லயத்தில் இல்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவளும் அவள் கணவரான மாமாவும் ஓரமாகக் கொஞ்சம் ரப்பர் நிலமும் வீட்டு மனையும் வாங்கினார்கள். மாமா காலமாகிவிட்டார், பிள்ளைகள் நீலாயில் வேலை. அக்கா தனியாக இருந்து, இந்த வயதிலும் தன் மரங்களில் தானே பால் வெட்டுகிறாள். இலை உதிரும் காலம் என்பதால் அப்போது மரங்களுக்கும் அவளுக்கும் ஓய்வு. வீட்டில்தான் இருந்தாள். சேறும் சிராய்ப்புமாக வந்து இறங்கிய எங்களைப் பார்த்து, எங்கே விழுந்தீங்க என்று மட்டும் கேட்டாள்.

குளித்துவிட்டு என் கணவர் பின்பக்கம் போனார். திரும்பி வரவில்லை. சோறு ஆறுகிறது என்று கூப்பிடப் போனேன். கொல்லைக் கதவைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். எதிரே அக்காவின் ரப்பர் காடு. ஒரு இலைகூட மிச்சம் இல்லாமல் கொட்டியிருந்தது. தரை முழுக்கச் செம்பழுப்பு, மேலே சாம்பல் நிறக் கிளைகள், அதற்கு மேல் வெறும் வானம். அந்தக் கிளைகளில் லோத்தோங் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. கறுத்த உடம்பு, நீண்ட வால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மூக்குக்கண்ணாடி போட்ட தலைமை ஆசிரியர்கள் கூட்டம் போட்ட மாதிரி இருந்தது. ஒரு தாயின் மடியில் குட்டி ஒன்று. அது மட்டும் ஆரஞ்சு நிறம், பொன் மாதிரி.

மறைக்க ஒன்றும் இல்லை. மலைக்காட்டில் பச்சைக்குப் பின்னால் பச்சையாகக் கரைந்து போனதெல்லாம் இங்கே வானத்தில் மை வைத்து வரைந்தது போலத் தெரிந்தது. என் கணவர் தொலைநோக்கியைக்கூட எடுக்கவில்லை. ஒரு கையால் வலது கண்ணை மூடி, கெட்ட கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியுது,” என்றார். “குட்டியும் தெரியுது.”

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு பிஸ்கட் டின்னையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து டமடமவென்று தட்டினாள். துளிர் வந்தால் இதுகள் மொட்டையடித்துவிடும், வருஷா வருஷம் இதே தொல்லை என்றாள். லோத்தோங்குகள் நிதானமாக எழுந்து இரண்டு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. என் கணவர் அக்காவின் கையிலிருந்த கரண்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டு, அக்கா, இந்த மரத்துக்குக் கீழே நான் ரெண்டு நாள் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். சமையலறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஏம் பாப்பா, வீட்டுக்குள்ளதான் படுக்க மாட்டாருன்னு இருந்தோம். இப்ப வந்து கொல்லை வாசல்ல படுக்கறேங்கிறாரே, ஊரு என்னா சொல்லும்? மாப்பிள்ளைய வெளிய தள்ளிட்டாங்கன்னு சொல்லாதா?”

வீட்டில் இரண்டு அறை காலியாக இருந்தது. குளியலறை உள்ளேயே இருந்தது, மஞ்சள் டைல்ஸ் போட்டு. விலங்கு பார்ப்பதற்காக வெளியே படுக்கிறார் என்று விளக்கினேன். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியாதா என்றாள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அக்கா கெட்டிக்காரி. சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தபோது, என் தங்கச்சி வீட்டுக்காரர் ஆராய்ச்சி செய்கிறார், யுனிவர்சிட்டியிலிருந்து கேட்டிருக்கிறார்கள், வெளியே படுத்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று அடித்துவிட்டாள். என் கணவர் வேலை பார்த்தது நில அளவைத் துறையில். குரங்கை அளந்து அவருக்குப் பழக்கம் இல்லை.

இருட்டும் முன்பே அந்தப் பொய் அந்த வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் வீட்டுக் கோழிக் கூண்டில் மலைப்பாம்பு வந்ததாம். இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வரும்போது, நீண்ட மூக்குப் பன்றி மாதிரி இருக்கும் தாப்பிர் ஒன்று சாலையைக் கடந்ததாம், பாதி கறுப்பு பாதி வெள்ளையாக இருந்ததால் பேய் என்று நினைத்து மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினாராம். என் கணவர் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார், கையேட்டில் படம் காட்டினார், அதன் பெயரைச் சொன்னார். ஒரு விஷயத்தில் நான் வியந்துபோனேன். கிராணி வீட்டுப் பிள்ளையிடம் அந்த வரிசை ஆட்கள் வந்து பேச, அவர் பேனா பிடிக்காமல் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் தன் பக்கம் ஓர் ஆள் குறைகிறது என்று பெரட்டை மறுபடி கூப்பிட்டிருப்பார்.

பொழுது இறங்கும் நேரத்தில், நான்காவது வரிசையில் ஒரு மரத்தண்டில் மரப்பட்டை மாதிரியே ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும் கையையும் காலையும் விரித்துக் குதித்தது. குதித்தது என்று சொல்லக்கூடாது. ஒரு போர்வை காற்றில் போவது மாதிரி, சத்தமே இல்லாமல், எங்கள் தலைக்கு மேல் நழுவிப்போய்த் தூரத்து மரத்தில் ஒட்டியது. என் கணவர் அதன் பெயர் குபோங் என்று கிசுகிசுத்தார். அக்கா பறக்கும் பூனை என்றாள், பார்த்தால் வீட்டுக்கு ஆகாது என்றும் சொன்னாள். ஆனால் உள்ளே போகவில்லை. அடுத்தது பறக்கும்வரை எங்களோடு நின்றாள்.

காலையில் அக்கா கூடாரத்து வாசலுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். மூவரும் காய்ந்த இலைகளின் மேல் பாய் போட்டு உட்கார்ந்தோம். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். என் கணவர் நன்றாகத் தூங்கியிருந்தார், முகம் தெளிவாக இருந்தது. அக்கா தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஒண்ணு கேக்கறேன் மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. மரத்தடியில படுக்கறீங்க. எங்க வீட்டுக்குள்ள மட்டும் என்னா குறை?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எப்போதும் இதுபோன்ற இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அன்றைக்குத் தாவவில்லை.

“குறை ஒண்டும் இல்லை அக்கா. முதல் தரம், பொழுதுபட முன்னம் வா எண்டு அம்மா சொன்னவ. வந்திட்டன். அடுத்த தரம் வரேக்க, நில்லும் எண்டு நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லை. கோவமாக்கும் எண்டு நினைச்சன். பிறகு நானாய்க் கேக்க வெக்கமாப் போச்சு.”

“கூப்புட்டு நீங்க முடியாதுன்னுட்டா? அந்த பயத்துல அம்மா கூப்புடல. அம்மா கூப்புடலைன்னு நானும் கூப்புடல.”

அவ்வளவுதான். முப்பது வருஷத்து விஷயம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்த ஒரே ஆள் நான்தானே. நான் மரங்களைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு லோத்தோங் வந்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஒன்றுகூட வரவில்லை.

அக்கா எழுந்து, சட்னிக்குத் தேங்காய் துருவ வேண்டும் என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அம்மி, பிறகு வானொலி. என் கணவர் என்னிடம், அந்த மெத்தை என்ன ஆனது என்று கேட்டார். அவருக்கு அது நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் முதுகு வலிக்கு உதவியது என்றேன். நல்லது என்றார்.

இரண்டு நாள் என்று கேட்டவர் அதற்கு மேலும் தங்கினார். அக்காவுக்குத் தொலைநோக்கியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அவள் அதை வாங்கிக் குரங்குகள் பக்கம் ஒரு தடவை மரியாதைக்குத் திருப்பிவிட்டு, மண் சாலைப் பக்கம் திருப்பினாள். கோயிலுக்கு யார் யார் போகிறார்கள், யார் புதுச் சேலை கட்டியிருக்கிறார்கள், மூலை வீட்டுக்காரர் வாங்கியதாகச் சொன்ன கார் உண்மையிலேயே புதுசா என்றெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல ஆரம்பித்தாள். என் கணவர் ஒரு விலங்கைப் பார்க்க எடுத்துக்கொள்ளும் பொறுமையைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். மூலை வீட்டுக் கார் பழசுதான் என்பது மூன்றாம் நாள் உறுதியானது.

டின் தட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஆராய்ச்சி ஆராய்ச்சிதான், துளிர் துளிர்தான் என்றாள். ஆனால் தட்டுவதற்கு முன் கூடாரத்தின் பக்கம் வந்து, மாப்பிள்ளை, பாத்தாச்சா என்று கேட்டுவிட்டுத் தட்டினாள்.

நாங்கள் கிளம்பிய அன்று கிளை நுனிகளில் துளிர் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது, பளபளவென்று செம்பு நிறத்தில். அடுத்த முறை உள்ளே படுங்கள் மாப்பிள்ளை என்று அக்கா சொன்னாள். வாய்விட்டு ஓர் அழைப்பு, எங்கள் குடும்ப வரலாற்றில் முதல் தடவை. கட்டாயம் என்றார் அவர். வருகிற வழி முழுக்க ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஆண்டு கடைசியில் மருத்துவர், கண் இனி நிலையாக இருக்கும், தூரப் பயணம் போகலாம் என்றார். ஜப்பானில் அப்போது சரியான இலையுதிர்காலம். என் கணவர் யோசித்துவிட்டு, அங்கே மரத்துக்கு மரம் ஆள் நின்று படம் எடுப்பார்களாம், விலங்கு எப்படி வரும் என்றார். மெல்பர்ன் தங்கைக்கு, மாசியில் எடுத்து வைத்திருந்த அக்காவின் மொட்டைக் காட்டுப் படத்தை அனுப்பினார். மரங்களுக்கு ஏதாவது நோயா என்று தங்கை பதில் எழுதினார்.

மறு மாசியில் போனோம். இவர் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார், ஒருவேளை பகலில் நிழலுக்கு ஆகும் என்று. அக்கா எங்களை வாசலிலேயே நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லாத குறையாகப் பின் அறைக்குக் கூட்டிப் போனாள். புதுக் கட்டில், புது மெத்தை, இளநீல விரிப்பு. சுவரில் ஏர்கான். மாப்பிள்ளை வருகிறார் என்று போன வாரம்தான் ஆள் வைத்து மாட்டினாளாம். குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, மேலே கனமான திரையும் போட்டிருந்தாள். ரப்பர் காடு இருந்த பக்கத்து ஜன்னல் அது.

என் கணவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஏர்கானைப் பார்த்தார். அடைத்த ஜன்னலைப் பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப வசதியாய் இருக்கு அக்கா என்றார்.

அந்த ராத்திரி அவர் காலுறை மாட்டிக்கொண்டு, போர்வையைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார். கூடாரம் காரிலேயே இருந்தது. காலையில் அக்கா தேநீரோடு வந்து, நல்லாத் தூங்குனீங்களா மாப்பிள்ளை என்று கேட்டாள்.

“நல்லாத் தூங்கினன் அக்கா,” என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன, மூக்கு அடைத்திருந்தது. அக்கா சந்தோஷமாகத் தேநீரை ஊற்றினாள்.